ஆழமில்லாத கடலில் அழுத்தம் என்ன செய்கிறது?

திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள புறாத் தீவுக்குப் படகேறுகிறவர்களில் பலர் படகோட்டியிடம் முதலில் கேட்பது, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதைத்தான். இரண்டு ஆள் ஆழம் இருக்கும் என்று பதில் வந்ததும் முகத்தில் நிம்மதி தெரியும். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்தத் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில் பெரும்பகுதி, நீர்மட்டத்திலிருந்து சில மீட்டர்களுக்குள்ளேயே இருக்கிறது. அந்தமானுக்குச் சென்று முதன்முறையாக ஸ்கூபா, அதாவது காற்றடைத்த சிலிண்டரைச் சுமந்து நீருக்குள் மூச்சுவிட்டபடி முக்குளிப்பு, செய்கிறவர்களும் பெரும்பாலும் 12 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஆழம் குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு என்ற எண்ணம் இப்படித்தான் மனத்தில் பதிந்துவிடுகிறது.

இது பாதி உண்மை. நைட்ரஜனால் வரும் நோய் போன்ற சில ஆபத்துகள் ஆழத்தோடு சேர்ந்து வளர்பவை. ஆனால் காது, நுரையீரல், முகத்தில் அணியும் கண்ணாடி மாஸ்க், மிதப்பு ஆகியவற்றைப் பொறுத்தவரை, நீரில் இறங்கும் மனிதனுக்கு மிகக் கடுமையான மாற்றங்கள் நிகழ்வது முதல் பத்து மீட்டரில்தான். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால், பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விதிகளில் பெரும்பாலானவை மனப்பாடம் செய்யாமலே நினைவில் நிற்கும்.

மலைப் பாதையில் உப்பும் பாக்கெட்

வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் உப்பி, வெடித்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு விறைத்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பாக்கெட்டுக்குள் யாரும் கூடுதலாகக் காற்றை அடைக்கவில்லை. அதை வெளியிலிருந்து அமுக்கிக்கொண்டிருந்த காற்று குறைந்துவிட்டது, அவ்வளவுதான். நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று அடுக்கடுக்காக நிற்கிறது. அந்த அடுக்கின் எடை எல்லாப் பொருள்களையும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் அமுக்குகிறது. இதுவே காற்றழுத்தம். கடல் மட்டத்தில் இருக்கும் அழுத்தத்தை ஒரு வளிமண்டல அழுத்தம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் இது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருக்கும். வளைவுகளில் பேருந்து ஏறும்போது காது அடைத்து, எச்சிலை விழுங்கியதும் திறந்துகொள்வதற்கும் காரணம் இதுவே.

இப்போது நீருக்கு வருவோம். நீர் காற்றைவிட மிக மிக அடர்த்தியானது. வளிமண்டலம் முழுவதும் சேர்ந்து கொடுக்கும் அழுத்தத்தைக் கடல்நீரின் வெறும் பத்து மீட்டர் கொடுத்துவிடுகிறது. ஆகவே நீர்மட்டத்தில் ஒன்றாக இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் இரண்டாகவும், 20 மீட்டரில் மூன்றாகவும், 30 மீட்டரில் நான்காகவும் ஏறுகிறது. கடற்கரையிலிருந்து கொடைக்கானல் வரை மலையேறினால் ஏற்படும் அழுத்த வேறுபாட்டை, கடலில் இரண்டேகால் மீட்டர் இறங்கியே பெற்றுவிடலாம். பல மணி நேரப் பேருந்துப் பயணத்தில் காது மெல்ல மெல்லச் சமாளித்த மாற்றம் அது. பவளப்பாறையின் மேல் தலைகீழாகக் குனிந்து இரண்டு முறை காலை உதைத்தால் சில நொடிகளில் வந்துவிடும்.

முதல் பத்து மீட்டரின் கணக்கு

அழுத்தம் கூடினால் காற்றின் கொள்ளளவு அதே விகிதத்தில் சுருங்கும். அழுத்தம் இரண்டு மடங்கானால் கொள்ளளவு பாதியாகும். ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட இந்தத் தொடர்பைப் பள்ளிப் பாடத்தில் பாயில் விதி என்று படித்திருப்போம். தேர்வோடு மறந்துபோன அந்த விதிதான் கடலடியில் ஒவ்வொரு நொடியும் இயங்குகிறது.

மேற்பரப்பில் 6 லிட்டர் காற்றை நிரப்பிய, சுருங்கி விரியக்கூடிய ஒரு பையைக் கீழே கொண்டுபோவதாகக் கொள்வோம். 10 மீட்டரில் அது 3 லிட்டர் ஆகும். 20 மீட்டரில் 2 லிட்டர். 30 மீட்டரில் ஒன்றரை லிட்டர். 40 மீட்டரில் 1.2 லிட்டர். முதல் பத்து மீட்டரில் 3 லிட்டர் காணாமல் போகிறது. 30இலிருந்து 40க்குப் போகும் அதே பத்து மீட்டரில் 300 மில்லிலிட்டர் மட்டுமே குறைகிறது. அழுத்தம் எங்கும் ஒரே சீராகத்தான் ஏறுகிறது. ஆனால் அது எத்தனை மடங்காகிறது என்பது மேலேதான் அதிகம். காற்றுக்கு மடங்குதான் கணக்கு.

உடலின் பெரும்பகுதி நீராலும் திசுக்களாலும் ஆனது. அவை அமுக்கினாலும் சுருங்குவதில்லை. ஆகவே நீருக்குள் இருக்கும் ஒருவர் தம் கைகால்களின் மேல் எந்த அழுத்தத்தையும் உணர்வதில்லை. காற்று அடைந்திருக்கும் இடங்களான நடுச்செவி, முகத்து எலும்புகளுக்குள் உள்ள சைனஸ் அறைகள், நுரையீரல் ஆகியவையும், உடலுக்கு வெளியே மாஸ்க்குக்குள் இருக்கும் காற்றும் மட்டுமே பாயிலின் கணக்குக்கு உட்படுகின்றன.

இதுவரை பார்த்தது இதுதான்: நீரழுத்தம் உடலிலுள்ள காற்றையே மாற்றுகிறது, அந்த மாற்றம் மேல்மட்டத்தில் வேகமாகவும் ஆழத்தில் மெதுவாகவும் நிகழ்கிறது.

காதும் மாஸ்க்கும்

செவிப்பறைக்கு உட்புறம் உள்ள சிறிய காற்றறையே நடுச்செவி. அதைத் தொண்டையின் பின்பகுதியோடு ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. பெரும்பாலான நேரம் அது மூடியே இருக்கும். கீழே இறங்கும்போது வெளியே உள்ள நீர் செவிப்பறையை உள்நோக்கித் தள்ளும். குழாய் திறந்து, தொண்டையிலிருந்து காற்று உள்ளே போனால் இரு பக்கமும் சமமாகிவிடும். திறக்கவில்லையென்றால் ஒரு மீட்டர் ஆழத்திலேயே காது அழுந்தும், இரண்டு மூன்று மீட்டரில் குத்தும், வலியைப் பொருட்படுத்தாமல் மேலும் இறங்கினால் செவிப்பறை கிழியவும் கூடும்.

மூக்கை விரல்களால் பிடித்து, வாயை மூடி, மூக்கின் வழியாக மென்மையாக ஊதினால் குழாய் திறக்கும். இத்தாலிய உடற்கூற்றியலாளர் அந்தோனியோ வல்சால்வா 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்த முறை இது. வலி வந்த பிறகு இதைச் செய்வதில் பயன் குறைவு, ஏனெனில் அதற்குள் வெளி அழுத்தமே குழாயின் வாயை இறுக்கி மூடியிருக்கும். இறங்கத் தொடங்கும்போதே ஒருமுறையும், பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறையாவதும் செய்ய வேண்டும். திறக்காவிட்டால் கொஞ்சம் மேலேறி மீண்டும் முயல வேண்டுமே தவிர, முகம் சிவக்க ஊதக் கூடாது, உட்செவி பழுதாகிவிடும். சளி பிடித்திருப்பவரின் குழாய் வீங்கி அடைத்திருக்கும் என்பதால் அன்றைக்கு நீருக்குள் இறங்காமல் இருப்பதே சரி.

மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள காற்று சுருங்கும்போது மாஸ்க் உறிஞ்சு கோப்பையைப் போல முகத்தைப் பற்றி இழுக்கும். மூக்கால் சிறிது காற்றை உள்ளே விட்டால் இழுப்பு தளரும். இதை மறந்தவர்கள் கரையேறும்போது, மாஸ்க்கின் விளிம்பு முகத்தில் வட்டமாகப் பதிந்து, வெள்ளை விழியில் இரத்தத் திட்டுகளோடு வருவதுண்டு. நீச்சல் குளத்துக் கண்ணாடியில் மூக்குக்கு இடமில்லை, காற்றை உள்ளே விட வழியே கிடையாது. அதை அணிந்துகொண்டு மேற்பரப்பில் நீந்தலாம், மூழ்கக் கூடாது.

நாணல் குழாய் ஏன் உதவாது

ஆற்றுக்குள் ஒளிந்துகொண்டு நாணல் தண்டின் வழியே மணிக்கணக்கில் மூச்சுவிடும் கதாநாயகனைத் திரையில் பார்த்துப் பழகிய நமக்கு, நீந்தும்போது வாயில் கவ்வி மூச்சுவிடும் ஸ்நார்க்கல் குழாய் ஏன் ஒரு முழ நீளத்துக்குமேல் இருப்பதில்லை என்ற கேள்வி எழுவது இயல்பு. நீளமாக இருந்தால் ஆழத்திலிருந்தே மூச்சுவிடலாமே!

முடியாது. குழாயின் வழியாக வரும் காற்று மேற்பரப்பின் அழுத்தத்தில் இருக்கிறது. மார்புக்கூட்டைச் சுற்றியுள்ள நீரோ அந்த ஆழத்தின் அழுத்தத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே இந்த வேறுபாடு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம். மார்பின் பரப்பு முழுவதற்கும் கணக்கிட்டால், ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் ஓர் ஆளின் எடைக்கும் அதிகமான சுமையைத் தூக்குவதாக ஆகும். மூச்சுத் தசைகள் தம் முழு வலிமையையும் காட்டி ஓரிரு முறை இழுக்கலாம். தொடர்ந்து இழுக்க இயலாது. மேலும், நாம் விட்ட மூச்சு நீண்ட குழாய்க்குள்ளேயே தங்கி அடுத்த இழுப்பில் திரும்ப உள்ளே வரும். ஆகவே ஸ்நார்க்கல் என்பது முகத்தை நீரில் வைத்தபடி மேற்பரப்பில் மிதப்பதற்கான கருவி மட்டுமே.

சிலிண்டரும் ரெகுலேட்டரும்

ஸ்கூபா வீரர் முதுகில் சுமப்பதைச் செய்தித்தாள்கள் ஆக்சிஜன் சிலிண்டர் என்றே எழுதிவருகின்றன. பொழுதுபோக்கு ஸ்கூபாவில் பெரும்பாலும் அதற்குள் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்று. ஈரமும் தூசும் நீக்கி, ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டது. 12 லிட்டர் சிலிண்டரில் இப்படி ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்றை அடக்கலாம். தூய ஆக்சிஜனை அடைத்திருந்தால், 6 மீட்டருக்குக் கீழே அது நரம்பு மண்டலத்துக்கு நஞ்சாகி வலிப்பை உண்டாக்கக்கூடும்.

அடைத்த காற்றை அப்படியே வாய்க்குள் விட முடியாது. அதை, அந்தந்த ஆழத்தில் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாக இறக்கிக் கொடுப்பதே ரெகுலேட்டரின் வேலை. 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் இதற்கு உருக்கொடுத்த பிறகுதான் இன்றைய ஸ்கூபா பிறந்தது. ஐந்து மீட்டரில் இருக்கும்போது ஒன்றரை வளிமண்டல அழுத்தத்திலும், பத்து மீட்டரில் இரண்டிலும் காற்று வருவதால், மார்பு எந்தச் சுமையையும் உணராமல் விரிகிறது. நாணல் குழாய் செய்ய முடியாததை இது செய்கிறது. ஆனால் இதே வசதியிலிருந்துதான் ஸ்கூபாவின் மிகப் பெரிய ஆபத்தும் தொடங்குகிறது.

மூச்சை அடக்காதே

ஐந்து மீட்டர் ஆழத்தில் மண்டியிட்டிருக்கும் ஒரு புதியவர், ரெகுலேட்டரிலிருந்து நுரையீரல் நிறைய 6 லிட்டர் காற்றை இழுக்கிறார். மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்து மூக்கைத் தொடுகிறது. பதற்றத்தில் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையை உதைத்து மேலே பாய்கிறார். நீருக்குள் பதறும் எவரும் செய்யக்கூடியதுதான். ஆனால் அவர் நுரையீரலில் உள்ள 6 லிட்டர், ஒன்றரை வளிமண்டல அழுத்தத்தில் நிரப்பப்பட்டது. மேற்பரப்பை எட்டும்போது அது 9 லிட்டர் ஆக வேண்டும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. மூடிய தொண்டை வழியாக வெளியேறவும் வழியில்லை. கொடைக்கானல் பாக்கெட்டின் நிலைதான் அவருடைய நுரையீரலுக்கும்.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் கிழிந்தால் காற்று மார்புக்கூட்டுக்குள் கசியலாம். அதைவிட மோசமாக, இரத்தக் குழாய்களில் புகுந்து குமிழிகளாக மூளைக்குச் செல்லலாம். மேலே வந்த சில நிமிடங்களுக்குள் மயக்கமோ பக்கவாதமோ ஏற்படுவது இதனால்தான். முழுக்க நிரம்பிய நுரையீரலோடு மூச்சை அடக்கியபடி ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறினாலே இந்தக் காயம் ஏற்படக்கூடும். அதாவது நீச்சல் குளத்தில் நடக்கும் பயிற்சிக்கும் இந்த விதி பொருந்தும்.

ஆழத்தில் இதே தவறு நேர்ந்தால்? 30 மீட்டரிலிருந்து 20க்கு ஏறும்போது 6 லிட்டர் 8 லிட்டராகும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் 12 ஆகும். ஆகவே ஏற்றத்தின் கடைசிப் பகுதியே மிக மோசமானது, ஆழமில்லாத பவளப்பாறையில் நீந்துகிறவரோ முழு நேரமும் அந்தக் கடைசிப் பகுதிக்குள்ளேயே இருக்கிறார். ஸ்கூபாவில் எப்போதும் மூச்சை இழுத்துவிட்டபடியே இருக்க வேண்டும் என்பதும், ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினாலும் சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் முதல் பாடமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மூச்சடக்கி மூழ்குகிறவர்கள்

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் மூழ்கியவர்கள், கயிற்றில் கட்டிய கல்லின் துணையோடு கடலடிக்கு இறங்கி, மூச்சை அடக்கியபடியே சிப்பிகளைச் சேகரித்து மேலேறினார்கள். அவர்களுடைய நுரையீரல் ஏன் கிழியவில்லை? அவர்கள் கொண்டுபோனது மேற்பரப்பில் இழுத்த காற்று. கீழே அது சுருங்கியது. மேலே வந்தபோது பழைய அளவுக்கே விரிந்தது, அதற்குமேல் விரிய அதனிடம் எதுவுமில்லை. ஸ்நார்க்கலோடு மிதப்பவர் அவ்வப்போது குனிந்து மூழ்குவதும் இதே வகை. ஆனால் அப்படி மூழ்கியவர், கீழே இருக்கும் ஸ்கூபா நண்பரின் ரெகுலேட்டரிலிருந்து விளையாட்டாக ஒரு மூச்சை வாங்கிக்கொண்டால், அந்த நொடியிலேயே சிலிண்டரோடு மூழ்குகிறவரின் நிலைக்கு மாறிவிடுகிறார். அந்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் மேலே சொன்ன காயம் அவருக்கும் உண்டு.

மூச்சடக்கி மூழ்குபவருக்கு உள்ள ஆபத்து வேறு. மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, உடலில் சேரும் கரியமில வாயு. மூழ்குவதற்கு முன் வேக வேகமாகப் பலமுறை மூச்சிழுத்தால் கரியமில வாயு வெளியேறிவிடும். ஆக்சிஜன் இருப்பு அதனால் பெரிதாகக் கூடுவதில்லை. எச்சரிக்கை மணியைக் கழற்றிவைத்துவிட்டு இறங்குகிறோம். இதோடு அழுத்தமும் சேர்ந்து ஏமாற்றுகிறது. நுரையீரலில் ஆக்சிஜன் 5 விழுக்காடாகக் குறைந்திருந்தாலும், 10 மீட்டர் ஆழத்தில் அது மேற்பரப்பின் 10 விழுக்காட்டுக்குச் சமமாக வேலை செய்யும்; நினைவு தங்கியிருக்கும். மேலே வர வர அது வெறும் 5 ஆகி, கடைசிச் சில மீட்டர்களில் எந்த முன்னறிவிப்பும் இன்றி மயக்கம் வரும். மூன்று மீட்டர் குளத்திலும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இப்படி மூழ்கி இறப்பதற்கு முதற் காரணம் அந்த வேகமான மூச்சிழுப்பு. அதைத் தவிர்ப்பதும், ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலிருந்து கண்காணிப்பதும் இதற்கான காப்பு.

ஆக, சிலிண்டரோடு இருப்பவர் மூச்சை அடக்கக் கூடாது. சிலிண்டர் இல்லாதவர் மூழ்குமுன் மூச்சை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது.

நைட்ரஜன் பற்றிக் கொஞ்சம்

ஸ்கூபா என்றதும் பலர் நினைக்கும் நோய், அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறும்போது குமிழிகளாகப் பிரிவதால் வருவது. இது ஆழத்தையும் அங்கே கழித்த நேரத்தையும் பொறுத்தது. 6 மீட்டருக்குள் இருப்பவருக்கு வருவது மிக அரிது. ஆயினும் 10, 12 மீட்டருக்குப் போகிறவர்கள், நிமிடத்துக்கு ஏறத்தாழ 9 மீட்டருக்கு மிகாமல் ஏறுவதும், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதும், ஒருமுறை மட்டும் மூழ்கியிருந்தால் 12 மணி நேரமும் பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏறுவதும் வழக்கம். அந்தமானிலிருந்து திரும்பும் நாளின் காலையில் ஸ்கூபாவை வைத்துக்கொள்ளும் பயணத் திட்டங்கள் இந்தக் கடைசி விதியோடு மோதுகின்றன.

பவளத்தின் மேல் மிதப்பது

பவளப்பாறை என்று சொன்னாலும் அதன் மேற்புறம் உயிருள்ள மெல்லிய தோல். கிளைத்து வளரும் வகைகள் காலில் அணிந்த துடுப்பு போன்ற ஃபின் பட்ட மாத்திரத்தில் முறியும். தொடாதீர்கள் என்ற அறிவிப்பைப் படித்தும் ஏன் பலர் தொடுகிறார்கள், மிதிக்கிறார்கள்? ஒழுக்கக் குறைவு என்று நொந்துகொள்வது எளிது. பெரும்பாலும் அது மிதப்புக் கட்டுப்பாடு இல்லாமையால் வருவது என்பதே என் எண்ணம்; அதற்கும் பாயிலே காரணம்.

ஒரு பொருள் இடம்பெயர்க்கும் நீரின் எடை அதன் சொந்த எடையைவிட அதிகமானால் மிதக்கும், குறைந்தால் அமிழும். ஸ்கூபா வீரர் இடுப்பில் ஈய எடைகளைக் கட்டி, மிதவைச் சட்டைக்குள் காற்றை ஏற்றி இறக்கி இவ்விரண்டையும் சமன்செய்கிறார். சமநிலையில் இருப்பவர் ஓர் ஆழ்ந்த மூச்சை இழுத்தால் மார்பு விரிந்து, ஒரு நொடி தாமதித்து, உடல் மெல்ல மேலெழும். விட்டால் அதே தாமதத்தோடு கீழிறங்கும். இந்தத் தாமதம் புதியவரைக் குழப்புகிறது. ஒரு சாண் எழுந்ததும் சட்டைக்குள்ளிருக்கும் காற்று விரிகிறது, விரிந்ததால் மேலும் எழுகிறார். பயந்து காற்றைத் திறந்துவிட்டால் அளவுக்கு மீறி வெளியேறி, பவளத்தின் மேல் போய் உட்கார்கிறார். 25 மீட்டரில் அரை மீட்டர் ஏறினாலும் சட்டைக் காற்றில் பெரிய மாற்றமில்லை, ஆனால் 3 மீட்டரில் அதே அரை மீட்டர் உடனே தெரியும். ஆழமில்லாத இடத்தில் அசையாமல் மிதப்பதுதான் கடினமான திறமை. அதை மணற்பரப்பின் மேல் பழகிவிட்டுப் பாறைப் பக்கம் போவது பாறைக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது.

பலர் தேவைக்கு மேல் ஈயத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். அதைச் சமாளிக்கச் சட்டையில் அதிகக் காற்று வேண்டும். காற்று அதிகமானால் அலைக்கழிப்பும் அதிகம். சரியான அளவை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சட்டையின் காற்றை முழுவதும் வெளியேற்றி, நுரையீரலைச் சாதாரணமாக நிரப்பி, அசையாமல் நிமிர்ந்து நின்றால் நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் தலை மெல்ல அமிழ வேண்டும். சிலிண்டரை நிரப்பிய நிலையில் இதைச் செய்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 2,400 லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 3 கிலோ. அதில் பெரும்பகுதியைச் சுவாசித்துத் தீர்த்த பிறகு சிலிண்டர் அந்த அளவுக்கு இலகுவாகிவிடும். திரும்பும் வழியில், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில், நிற்க முடியாமல் உடல் மேலே மேலே போகும். ஆகவே நிரம்பிய சிலிண்டரோடு சோதித்தால் இரண்டு கிலோவைக் கூடுதலாகக் கட்டிக்கொள்ள வேண்டும்; அல்லது முக்குளிப்பு முடிந்து படகில் ஏறுவதற்கு முன், காற்று குறைந்த சிலிண்டரோடு அதே சோதனையைச் செய்து, சரியான எடையை அடுத்த நாளுக்குக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.